வீடு யார் பேர்ல இருக்கு?

போன வருடம் கத்திரி வெயிலில் பெரியம்மாவுக்குக் கண்புரை ஆபரேஷன் நடந்தது. மறுநாளே கறுப்புக் கண்ணாடியோடு வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். கையில் ஒரு சீட்டு. சொட்டு மருந்து முதல் வாரம் ஒரு நாளைக்கு ஆறு வேளை, அடுத்த வாரம் ஐந்து, அப்புறம் நாலு, மூணு, ரெண்டு, ஒண்ணு. ஆறு வாரம் தலைக்குத் தண்ணீர் ஊற்றக் கூடாது, குனியக் கூடாது, அடுப்புப் புகை ஆகாது. எல்லாவற்றுக்கும் பெரியம்மா தலையாட்டினார். "கொஞ்ச நாளைக்குப் படிக்கிறத நிறுத்தி வைங்கம்மா" என்று நர்ஸ் சொன்னபோதுதான் முகம் சுருங்கியது.

பெரியம்மா கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒரு பத்திர எழுத்தரிடம் 32 வருடம் டைப் அடித்தவர். காலையிலிருந்து சாயங்காலம் வரை 'எழுதிக் கொடுப்பவர்', 'எழுதி வாங்குபவர்', 'நான்கு எல்லைக்கு உட்பட்ட' என்று தட்டிவிட்டு, வீட்டுக்கு வந்ததும் மாத நாவலைக் கையில் எடுப்பார். பஸ் ஸ்டாண்டு கடையில் மாதம் நாலைந்தாவது வாங்கிவிடுவார். பெரியப்பா போன பிறகு அது இன்னும் கூடிப்போனது. (எழுத்தில் பெரியம்மாவை 'அவர்' என்கிறேன். வாயில் எப்போதும் 'நீ, வா, போ'தான். இந்த வித்தியாசம் பின்னால் ஒரு கூத்துக்குக் காரணமாகப் போகிறது.)

நான் புதுச்சேரியில் ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். தினமும் பஸ்ஸில் போய்த் திரும்புகிறேன். பகல் வேளை சொட்டு மருந்தை எதிர்வீட்டுப் பெண் பார்த்துக்கொண்டாள். காலையில் ஒன்று, ராத்திரி இரண்டு என் பொறுப்பு. மருந்து விட்டபின் ஐந்து நிமிடம் கண்ணை மூடிப் படுத்திருக்க வேண்டும். மூன்றாம் நாள் ராத்திரி பெரியம்மா பொறுமையிழந்தார்.

"எதையாவது படிடி. காதால கேட்டா கண்ணு கெட்டுடாது."

"மாத நாவல் எல்லாம் நீ படிச்சதுதானே இருக்கு?"

"நீ பஸ்ல போன்ல வச்சுப் படிக்கிறியே, அதைப் படி."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பஸ்ஸில் நான் படித்துக்கொண்டிருந்தது ஒலிவியா வெய்ட் என்ற அமெரிக்க எழுத்தாளரின் 'ஃபெமினின் பர்ஸ்யூட்ஸ்' என்னும் தொடர். 2019 முதல் 2021 வரை வருடத்துக்கு ஒன்றாக வந்த மூன்று நாவல்கள். மூன்றுமே 200 வருடத்துக்கு முந்தைய இங்கிலாந்தில் நடப்பவை, மூன்றிலும் காதலிப்பவர்கள் இரண்டு பெண்கள்.

முதல் கதையை இப்படிச் சொல்லலாம். வருடம் 1816. லூசி மச்செல்னி வானியல் கணக்குப் போடுகிற இளம்பெண். அப்பா பேரில் வந்த கணக்கையெல்லாம் உண்மையில் போட்டது இவள்தான். அப்பா இறந்துவிட்டார். இவள் காதலித்த பெண்ணோ வேறொருவனைக் கல்யாணம் செய்துகொண்டு போகிறாள். அந்த நேரத்தில் லண்டனிலிருந்து ஒரு பிரபுவின் விதவை, கேதரின், பிரெஞ்சு வானியல் நூல் ஒன்றை மொழிபெயர்க்க ஆள் தேடுவதாக எழுதிய கடிதம் இவள் கண்ணில் படுகிறது. பெட்டியைக் கட்டிக்கொண்டு நேராக அந்த வீட்டு வாசலில் போய் நிற்கிறாள்.

இதை 71 வயதுப் பெரியம்மாவுக்கு எப்படிப் படிப்பது? 'நான்', 'நீ' என்று மட்டும் வந்தால் சமாளிக்கலாம். தமிழில் தன்மைக்கும் முன்னிலைக்கும் பால் கிடையாது, நானும் நீயும் யாராக வேண்டுமானாலும் இருக்கலாம். செம்புலப் பெயல் நீரைப் பற்றிய அந்தக் குறுந்தொகைப் பாட்டைக்கூட எடுத்துப் பாருங்கள். 'யானும் நீயும்' என்றுதான் இருக்கிறது. சொல்பவன் தலைவன் என்று நமக்குச் சொல்வது கீழே இருக்கிற கூற்றுக் குறிப்பு. பாட்டுக்குள் ஆணும் இல்லை, பெண்ணும் இல்லை. ஆனால் படர்க்கைக்கு வந்தால் தப்பிக்கவே முடியாது. வந்தான், வந்தாள். வினைமுற்று வரை வந்து காட்டிக் கொடுத்துவிடும்.

அப்போதுதான் 'அவர்' ஞாபகம் வந்தது. மரியாதைக்குப் பால் இல்லை. ஆணானாலும் பெண்ணானாலும் 'வந்தார்'தான். முதல் அத்தியாயத்தை அப்படியே தாண்டிவிட்டு, "ஒரு வானியல் அறிஞர் பெரிய பங்களாவுக்கு வேலை தேடி வர்றார், பெரியம்மா" என்று ஆரம்பித்தேன்.

"பேரு என்ன?"

லூசி என்றால் முடிந்தது கதை. இந்தப் பக்கத்தில் தெருவுக்கு ஒரு லூசி உண்டு. "மச்செல்னி" என்றேன்.

"மச்சினியா?"

"மச்செல்னி. அது குடும்பப் பேரு."

"என்னமோ, மச்சினின்னுதான் காதுல விழுது."

ஆக, நான் ஆணாக்கி வைத்தவரைப் பெரியம்மா முதல் நாளிலிருந்தே மச்சினி என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டார். நாலு நாள் ஓட்டினேன். மச்செல்னி வந்தார், மச்செல்னி கணக்குப் போட்டார், கேதரின் அம்மாள் எம்பிராய்டரி போட்டுக்கொண்டே மச்செல்னியைப் பார்த்தார். விஞ்ஞானச் சங்கத்துப் பெரிய மனிதர்கள் மச்செல்னியை அவமானப்படுத்தும் இடத்தில்தான் திணறிப்போனேன். அவர்கள் அவளை இளக்காரமாகப் பார்ப்பதே அவள் பெண் என்பதால்தான். காரணத்தை மறைத்துவிட்டு அவமானத்தை மட்டும் சொன்னால் கதை நொண்டுகிறது. "வயசு கம்மின்னு ஏத்துக்க மாட்டேங்கிறாங்க" என்று ஒரு பொய்யைச் செருகினேன்.

படிக்க ஆரம்பித்த ஐந்தாம் நாள் ராத்திரி. மருந்து விட்டாகிவிட்டது. மின்விசிறி சத்தம். படித்துக்கொண்டே மொழிபெயர்க்கிறவளுக்கு வாய் ஒரு வரி முன்னால் ஓடும், கவனம் ஒரு வரி பின்னால் வரும். பொருத்தமான உடுப்பு இல்லாத மச்செல்னிக்குப் புது உடுப்பு தைக்கிற விஷயம் வந்தது. என்னை அறியாமல் பாவாடை என்று சொல்லிவிட்டேன்.

பெரியம்மா கண்ணைத் திறக்கவில்லை. "என்னடி இது, வானியல் அறிஞர் பாவாடை நாடா கட்டுறார்?"

நான் பேசவில்லை.

"பொண்ணுதானே அது? நேத்தே நினைச்சேன். ஆம்பளையா இருந்தா அந்த வீட்டுக்கு வந்த ரெண்டாம் நாளே இது நம்ம வீடுன்னு உட்கார்ந்திருப்பான். இது இன்னும் நாற்காலி நுனியிலயே உட்கார்ந்திருக்கு."

சொல்லிவிட்டேன். ரெண்டு பேரும் பெண்கள், ரெண்டு பேருக்கும் காதல், கதையே அதுதான் என்று. மருந்து நேரம் முடிந்து பெரியம்மா எழுந்து உட்கார்ந்தார். கறுப்புக் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். நான் எதிர்பார்த்தது 'அடக் கடவுளே' அல்லது 'இதையெல்லாமா படிக்கிற'. வந்தது வேறு.

"அந்தப் பங்களா யார் பேர்ல இருக்கு?"

"என்னது?"

"புருஷன் செத்துட்டான்ல? வீடு இந்தம்மா பேர்ல இருக்கா, இல்ல கொழுந்தன் கொழுந்தன் பிள்ளைன்னு யாராவது வருவாங்களா? அதைச் சொல்லாம காதல் காதல்ங்கிற."

மூன்று மாதமாக இந்தத் தொடரோடு பஸ்ஸில் போய் வந்துகொண்டிருந்தேன். இந்தக் கேள்வி எனக்குத் தோன்றவே இல்லை. பார்வை பரிமாறிக்கொள்கிற இடங்களில் மனதைப் பறிகொடுத்திருந்தேன். பத்திரம் அடித்தவருக்கு முதலில் தோன்றியது பட்டா. அவர் கேட்டதுதான் கதையின் முதுகெலும்பு என்பது நாவலைத் திரும்பப் புரட்டியபோது தெரிந்தது. அன்றைய இங்கிலாந்தின் பொதுச் சட்டப்படி கல்யாணமான பெண்ணுக்குத் தனியாகச் சொத்து என்று ஒன்று கிடையாது. தாலி கட்டியதும் என்று நம் பாணியில் சொல்லலாம், அவள் சம்பாத்தியம், கையில் இருக்கிற காசு எல்லாம் புருஷனுடையவை. 1870லும் 1882லும் வந்த சட்டங்களால்தான் அது மாறியது. அதற்கு முன் தன் பேரில் எதையாவது வைத்துக்கொள்ள முடிந்தது பெரும்பாலும் கல்யாணமே ஆகாத வயது வந்த பெண்ணாலும் விதவையாலும்தான். இந்தத் தொடரில் முதல் நாவலின் கேதரின் ஒரு விதவை. இரண்டாம் நாவலில் அச்சகம் நடத்துகிற அகதாவும் விதவை. எழுத்தாளர் சும்மா தாலியறுக்கவில்லை. வீட்டு வாசலுக்குள் இன்னொரு பெண்ணைக் கூப்பிட்டு உட்கார வைக்க வேண்டுமென்றால் முதலில் வாசல் தன்னுடையதாக இருக்க வேண்டும்.

அன்று முதல் 'அவர்' போய் 'அவள்' வந்துவிட்டது. வாசிப்பும் மாறிப்போனது. பெரியம்மா ஒவ்வொரு அத்தியாயத்தையும் வில்லங்கம் பார்க்கிற மாதிரி கேட்டார். படுக்கையறைப் பகுதிகளை மட்டும் நான் தாண்டிக்கொண்டே போனேன்.

"இங்க மூணு பக்கம் ஒண்ணுமில்ல பெரியம்மா."

"ஒண்ணுமில்லாததுக்கு எதுக்குடி மூணு பக்கம் எழுதியிருக்கான்?"

"எழுதியிருக்கா."

"சரி, எழுதியிருக்கா. மேல போ."

வானியல் என்பதால் நானும் ஒரு கதை சொன்னேன். அலுவலகம் விட்டுக் கடற்கரைச் சாலையில் நடக்கும்போதெல்லாம் நினைத்துக்கொள்கிற கதை அது. லெ ஜான்தி என்று ஒரு பிரெஞ்சு வானியலாளர். சூரியனுக்கு முன்னால் வெள்ளி கடந்து போவதை 1761இல் புதுச்சேரியிலிருந்து பார்ப்பதற்காகக் கப்பல் ஏறினார். வந்து சேர்வதற்குள் புதுச்சேரியை ஆங்கிலேயர் பிடித்துவிட்டார்கள். அன்றைக்கு அவர் நடுக்கடலில் ஆடுகிற கப்பலில் இருந்தார், அங்கிருந்து எதையும் அளக்க முடியாது. அடுத்தது 1769இல். எட்டு வருடம் இந்தப் பக்கத்துக் கடல்களிலேயே சுற்றிக் காத்திருந்தார். திரும்பவும் பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்த புதுச்சேரியில், இடிந்த கோட்டையின் மேல் நோக்குக்கூடம் கட்டினார். அந்த ஜூன் மாதத்துக் காலையில் மேகம் மூடிக்கொண்டது. ஒன்றும் தெரியவில்லை. காத்திருந்த வருடங்களில் இங்கே ஒரு தமிழர் சோழிகளை வைத்துச் சந்திர கிரகணத்தைக் கணக்கிடுவதைப் பார்த்து எழுதி வைத்திருக்கிறார். 1765 ஆகஸ்ட் 30 கிரகணத்தின் கால அளவில் அந்தச் சோழிக் கணக்கு தவறியது வெறும் 41 வினாடி. ஐரோப்பிய அட்டவணை அதைவிட அதிகமாகத் தவறியிருந்தது.

பெரியம்மாவுக்கு மேகம் மூடிய இடத்தில் பாவமாக இருந்தது. சோழி மேல் பெருமை. ஆனால் நிமிர்ந்து உட்கார்ந்தது கடைசிப் பகுதிக்குத்தான். 11 வருடம் கழித்து ஊர் திரும்பினால், அவர் செத்துவிட்டார் என்று சொல்லி உறவுக்காரர்கள் சொத்தைப் பங்கு போட்டுக்கொண்டிருந்தார்கள்.

"பாத்தியா" என்றார். வேறு எதுவும் சொல்லவில்லை.

லூசி போட்ட கணக்கும் சோழிக் கணக்கும் எனக்கு ஒன்றாகவே தெரிகின்றன. செய்தவர் கை ஒன்று, பேர் வாங்கியவர் கை வேறு. அந்தத் தமிழர் பேர் என் கண்ணில் படவில்லை. லூசியின் பேருக்காகவோ ஒரு நாவல் முழுக்கச் சண்டை நடக்கிறது. அவள் கற்பனைப் பெண்தான் என்றாலும் நிலம் நிஜமானது. வால்நட்சத்திரம் தேடிய கரோலின் ஹெர்ஷலுக்கு 1787இல் இங்கிலாந்து அரசர் வருடத்துக்கு 50 பவுண்டு சம்பளம் கொடுத்தார். பிரெஞ்சு அறிஞர் லாப்லாஸின் வானியல் நூலை மேரி சோமர்வில் ஆங்கிலத்தில் விளக்கி எழுதி 1831இல் வெளியிட்டார். இந்த இரண்டு பேரையும் சேர்த்துப் பிசைந்துதான் லூசியைச் செய்திருக்கிறார் எழுத்தாளர் என்பது என் ஊகம்.

மூன்றாம் வாரம். நாலு வேளை மருந்து. பெரியம்மாவுக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

"இதெல்லாம் அந்தக் காலத்துல உண்மையிலேயே இருந்துச்சா, இல்ல இப்ப இருக்கிறவங்க இஷ்டத்துக்கு எழுதிக்கிறாங்களா?"

நியாயமான கேள்வி. சரித்திரக் காதல் கதைகளைக் கிண்டல் செய்கிறவர்கள் முதலில் எடுத்துப் போடுவதும் இதைத்தான். நான் ஆன் லிஸ்டரைப் பற்றிச் சொன்னேன். யார்க்ஷயரில் ஷிப்டன் ஹால் என்ற பண்ணை வீட்டின் சொந்தக்காரி, 1791இல் பிறந்தவர். நிலக்கரிச் சுரங்கம், குத்தகை, வாடகை எல்லாவற்றையும் தானே பார்த்துக்கொண்டார். நாட்குறிப்பு எழுதினார், கிட்டத்தட்ட 50 லட்சம் சொற்கள். அதில் ஆறில் ஒரு பங்கு கிரேக்க எழுத்தும் கணிதக் குறியும் கலந்த சங்கேதத்தில் இருக்கிறது. பெண்களைக் காதலித்த கதை முழுக்க அங்கேதான். பின்னால் அதே குடும்பத்தில் வந்த ஒருவர் நண்பரோடு உட்கார்ந்து அந்தச் சங்கேதத்தை உடைத்தார். எரித்துவிடு என்றார் நண்பர். அவர் எரிக்காமல் வீட்டுச் சுவர்ப் பலகைக்குப் பின்னால் மறைத்து வைத்தார். 1988இல்தான் அந்தப் பகுதிகள் புத்தகமாக வந்தன. அதாவது லூசியும் கேதரினும் லண்டனில் உட்கார்ந்திருப்பதாக நாவல் சொல்லும் அதே 1816இல், நிஜமான ஒருத்தி மையும் பேனாவுமாக உட்கார்ந்து இதையே எழுதிக்கொண்டிருந்தாள்.

"நம்ம ஆனந்தரங்கப் பிள்ளை மாதிரி" என்றார் பெரியம்மா. பாண்டிச்சேரி துபாஷி 1736 முதல் 25 வருடம் எழுதிய நாட்குறிப்பை அவர் பள்ளியில் பாடமாகப் படித்திருக்கிறார். கவர்னரிலிருந்து கப்பல் சரக்கு வரை அதில் எல்லாம் உண்டு. ஆனால் அந்த ஊரில் இருந்த பெண்கள் இரண்டு பேர் ராத்திரி என்ன பேசிக்கொண்டார்கள் என்பதை எழுத ஒரு பெண் கையில் பேனா வேண்டும், அவள் பேரில் ஒரு சுவரும் வேண்டும், ஒளித்து வைக்க.

லிஸ்டர் கதையை நான் 1834இல் நிறுத்தப் பார்த்தேன். அந்த வருடம் யார்க் நகரத்துத் தேவாலயம் ஒன்றில் ஈஸ்டர் அன்று ஆன் வாக்கர் என்ற பெண்ணோடு சேர்ந்து நற்கருணை வாங்கி, அதையே தங்கள் கல்யாணமாக வைத்துக்கொண்டார் லிஸ்டர். பெரியம்மா விடுவாரா? சொத்து என்ன ஆயிற்று என்றார். ஒருவர் சொத்தில் மற்றவருக்கு ஆயுள் பாத்தியம் இருக்கும்படி இரண்டு பேருமே உயிலை மாற்றி எழுதினார்கள் என்றேன். "அப்படிச் சொல்லு, கெட்டிக்காரிங்க" என்றார். 1840இல் ரஷ்யா பக்கத்து ஜார்ஜியாவில் பயணம் செய்தபோது காய்ச்சலில் லிஸ்டர் இறந்ததைச் சொன்னேன். மூன்று வருடம் கழித்து, புத்தி சுவாதீனம் இல்லை என்று சொல்லி வாக்கரை அவர் குடும்பத்தாரே அந்த வீட்டிலிருந்து வெளியே கொண்டுபோனதையும் சொன்னேன்.

ரொம்ப நேரம் பேச்சில்லை. அப்புறம்தான் பெரிய டீச்சர், சின்ன டீச்சர் கதை வந்தது.

எனக்கும் அவர்களை மங்கலாக ஞாபகம் உண்டு. முதுநகரில் எங்கள் பழைய வீட்டிலிருந்து நாலாவது வீடு. திண்ணையில் எப்போதும் இரண்டு பிரம்பு நாற்காலி. ஒருவர் கணக்கு, ஒருவர் தமிழ். பெரிய டீச்சர் கட்டிய வீட்டில் இரண்டு பேரும் 27 வருடம் சேர்ந்து இருந்தார்கள். ஊர் ஒன்றும் சொன்னதில்லை. கல்யாணம் ஆகாத ரெண்டு பொம்பளைங்க ஒத்தாசையாக இருக்கிறார்கள், அவ்வளவுதான். அவர்கள் லூசியும் கேதரினுமாக இருந்தார்கள் என்று நான் சொல்ல மாட்டேன். எனக்குத் தெரியாது, பெரியம்மாவுக்கும் தெரியாது, தெரிந்துகொள்ள அவர்களிடம் யாரும் கேட்டதும் இல்லை. தெரிந்தது இது மட்டும்தான். பெரிய டீச்சர் இறந்தபோது அண்ணன் பிள்ளைகள் வந்தார்கள். கருமாதி முடிந்த மறுநாள் சின்ன டீச்சர் ஒரு சூட்கேஸும் ஒரு பிரம்பு நாற்காலியும் எடுத்துக்கொண்டு தன் தங்கை வீட்டுக்குப் போனார். இன்னொரு நாற்காலியைக் கொடுக்கவில்லை. 'ஜோடி நாற்காலி, வீட்டுச் சாமான்' என்றார்களாம்.

"ஒரு வெள்ளைத் தாள்ல உயில் எழுதியிருந்தா போதும்டி" என்றார் பெரியம்மா. "ஸ்டாம்ப் வேண்டாம். ரிஜிஸ்டர்கூடப் பண்ண வேண்டாம். ரெண்டு சாட்சிக் கையெழுத்து. அந்தம்மா எங்க ஆபீஸ் வாசல் வழியாத்தான் தினம் ஸ்கூலுக்குப் போவாங்க. நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்."

உயிரோடு இருக்கும்போதே செட்டில்மென்ட் எழுதியிருக்கலாமே என்றேன், எனக்கும் கொஞ்சம் தெரியும் என்று காட்டுவதற்கு. பெரியம்மா சிரித்தார். குடும்பத்துக்குள் எழுதினால் முத்திரைத்தாள் செலவு ஒரு சதவீதம், அதற்கும் ஓர் உச்சவரம்பு உண்டு. வெளியாளுக்கு எழுதினால் ஏழு சதவீதம். 27 வருடம் ஒரே அடுப்பில் பொங்கித் தின்றாலும் சின்ன டீச்சர் கணக்கில் வெளியாள்.

சட்டம் என்று வந்துவிட்டதால் ஒன்று. கடலூரிலிருந்து கிளம்பும் பஸ் ரெட்டிச்சாவடி தாண்டி முள்ளோடையில் புதுச்சேரிக்குள் நுழையும். சாராயக் கடைகள் ஆரம்பிக்கிற இடம் என்றால் எல்லோருக்கும் புரியும். பிரான்ஸ் 1791இலேயே தன்பாலினப் புணர்ச்சியைக் குற்றப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது. ஆங்கிலேயர் இந்தியாவுக்கு எழுதிய 377ஆவது பிரிவு 1862இல் நடைமுறைக்கு வந்தது. எனவே எல்லைக்கு இந்தப் பக்கம் குற்றம், அந்தப் பக்கம் இல்லை. பிரெஞ்சு ஆட்சி போன பிறகுதான் 377 புதுச்சேரிக்கும் வந்து சேர்ந்தது. 2018 செப்டம்பர் 6இல் உச்ச நீதிமன்றம் அதன் பல்லைப் பிடுங்கும் வரை இருந்தது. இங்கிலாந்திலேயே சட்டம் ஆண்களைத்தான் துரத்தியது. 1921இல் பெண்களையும் சேர்க்கலாம் என்று ஒரு முயற்சி நடந்தபோது பிரபுக்கள் சபை தடுத்துவிட்டது. நல்ல மனசால் இல்லை. சட்டம் போட்டால் இப்படி ஒன்று இருப்பதே தெரியாத பெண்களுக்கு நாமே சொல்லிக்கொடுத்த மாதிரி ஆகும் என்று பயந்தார்கள். ஜெயிலில் போடுவதைவிட, இல்லவே இல்லை என்று சாதிப்பது மலிவு.

சென்னை உயர் நீதிமன்றம் கொஞ்சம் வேறு மாதிரி பேசியிருக்கிறது. மதுரையிலிருந்து சென்னைக்கு ஓடிவந்த இரண்டு பெண்களின் வழக்கில் 2021 ஜூனில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் தந்த உத்தரவு ரொம்பப் பேசப்பட்டது. தனக்கே இதில் புரிதல் போதாது என்று சொல்லி உளவியல் நிபுணரிடம் உட்கார்ந்து கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகு எழுதியது அது. 2023 நவம்பரில் அதே நீதிபதி, இப்படிச் சேர்ந்து வாழ்கிறவர்கள் 'குடும்ப இணைவு' என்கிற மாதிரி ஓர் ஒப்பந்தப் பத்திரத்தைப் பதிவு செய்துகொள்ள வழி செய்வதை அரசு பரிசீலிக்கலாம் என்றார். இதை நான் வாசித்துக் காட்டியதும் பெரியம்மாவின் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். ஓய்வு பெற்ற கிரிக்கெட் ஆட்டக்காரரிடம் புது பேட்டைக் கொடுத்த மாதிரி.

"புதுப் பத்திரமா? டிராப்ட் எப்படி அடிப்பாங்க? எழுதிக் கொடுப்பவர், எழுதி வாங்குபவர்னு போட முடியாதே, ரெண்டு பேருமே ரெண்டுமாச்சே." அப்புறம், "ஸ்டாம்ப் எவ்வளவாம்?"

இரண்டாவது நாவல்தான் பெரியம்மாவுக்கு உயிர். 1820. லண்டனில் அச்சகம் நடத்துகிற அகதாவின் கிடங்கில் தேனீக்கூட்டம் வந்து அடைகிறது. அதை எடுக்க வருகிறாள் பெனலப்பி என்ற தேனீ வளர்ப்பவள். இரண்டு பேருமே நாற்பதைத் தாண்டியவர்கள். அகதாவுக்குத் தோளுக்கு மேல் வளர்ந்த மகன், பெனலப்பிக்குக் கடலோடியாகப் போய்விட்ட புருஷன். வரி, தணிக்கை, நான்காம் ஜார்ஜ் தன் ராணி கரோலினை ஒதுக்கப் பார்த்த வழக்கு என்று நிஜச் சரித்திரம் பின்னால் ஓடிக்கொண்டே இருக்கிறது. அது கொஞ்சம் தூக்கலாகவே ஓடுகிறது, நடுவில் நூறு பக்கம் எனக்கு இழுவையாகத்தான் இருந்தது. பெரியம்மாவுக்கு அச்சகம் புரிந்தது. கையில் மை ஒட்டுகிற வேலை. நாற்பதுக்கு மேல் ஒருத்திக்கு இன்னொருத்தி மேல் ஆசை வருகிற வேகமும், அதைவிட அதிகமாகக் கணக்கு வழக்கு குறுக்கே வருகிற விதமும் புரிந்தது. "மாத நாவல்ல எல்லாப் பொண்ணும் இருபத்திரெண்டுலயே நிக்குது" என்று குறைப்பட்டுக்கொண்டார்.

ஆனால் ஒரு பயம் அவருக்குக் கடைசி வரை போகவில்லை. கிட்டத்தட்ட ஒவ்வொரு ராத்திரியும் கேட்டார். "கடைசியில ரெண்டுல ஒண்ணு செத்துடுமா?"

அவரைக் குறை சொல்ல முடியாது. ஊர் ஒப்பாத காதல் என்றால் நம் கதைகளில் ரயில் தண்டவாளம் இல்லாமல் முடியாது. அமெரிக்காவிலும் ஒரு காலத்தில் அப்படித்தான். 1950களில் பெண்களின் காதலைச் சொன்ன மலிவுப் பதிப்பு நாவல்களில், முடிவு சந்தோஷமாக இருந்தால் ஆபாசம் என்று தபால் துறை பிடித்து வைத்துவிடும் என்ற பயத்தால், ஒருத்தியைப் பைத்தியமாக்கவோ சாகடிக்கவோ சொல்லிப் பதிப்பாளர்களே கேட்டிருக்கிறார்கள். இப்போது இந்த வகைக்கு இருக்கிற ஒரே விதி அதற்கு நேர் எதிரானது. என்ன நடந்தாலும் கடைசிப் பக்கத்தில் இரண்டு பேரும் சேர்ந்து இருப்பார்கள். இலக்கியம் தெரிந்த என் நண்பர்கள் இதைச் சொல்லித்தான் இந்த வகையை மட்டம் தட்டுகிறார்கள். முடிவு தெரிந்த கதையில் என்ன சுவாரசியம் என்று. தெருக்கூத்தில் துரியோதனன் ஜெயிக்கப் போகிறானா என்று பார்க்கவா விடிய விடிய உட்கார்ந்திருக்கிறோம்?

எனக்கு உறுத்தியது வேறு. கேதரினின் பணம். 1816இல் லண்டனில் இவ்வளவு பட்டும் சால்வையும் எந்தக் கப்பலில் வந்தன? தென்னார்க்காட்டு அவுரி எத்தனை பேர் கையை நீலமாக்கிவிட்டு அங்கே போனது? கேதரின் புருஷனோடு உலகமெல்லாம் ஆராய்ச்சிக் கப்பலில் சுற்றியவள். அந்தக் கப்பல்கள் இறங்கிய கரைகளில் ஒன்று எங்கள் கடலூர்த் தேவனாம்பட்டினமாகவும் இருந்திருக்கலாம். இந்தக் கணக்கை எழுத்தாளர் கொஞ்சம் தொடுகிறார், ஆழமாகப் போகவில்லை. நெசவாளர்கள் சங்கத்துக்குப் பணம் சேர்க்க ஒரு பேராசைக்கார ஜவுளி வியாபாரியை ஏமாற்றும் மூன்றாவது நாவலில் அதற்கு நல்ல வாய்ப்பு இருந்தது. அவர் திருட்டுத் திட்டத்தில் மூழ்கிவிட்டார். அந்த நாவலை வேகமாகப் படித்து முடித்தோம். அதற்குள் மருந்தும் ஒரு வேளைக்கு வந்துவிட்டது.

ஆறு வாரம் முடிந்து புதுக் கண்ணாடி வந்ததும் பெரியம்மா பஸ் ஸ்டாண்டு கடைக்குப் போனார். வெறும் கையோடு திரும்பினார்.

"அந்தத் தேனீக்காரி கதை தமிழ்ல இருக்கான்னு கேட்டேன். அப்படி ஒண்ணும் வரலைங்கிறான்."

"வராது பெரியம்மா."

"அப்ப நீயே எழுது. எனக்கு மட்டும்தானே."

ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கினேன். எழுத உட்கார்ந்தால்தான் தெரிகிறது. ஒரு ஆணும் பெண்ணும் என்றால் அவன், அவள் என்று இரண்டு முளை அடித்துக் கயிறு கட்டிவிடலாம். இரண்டு பெண்கள் என்றால் 'அவள் அவள் கையை அவள் மடியில் வைத்தாள்'. யார் கை, யார் மடி? ஆங்கிலத்தில் வெய்ட் இதற்குப் பேரைத் திரும்பத் திரும்பப் போட்டுச் சமாளிக்கிறார். தமிழில் 'தன்' இருக்கிறது. 'அவள் தன் கையை அவள் மடியில் வைத்தாள்.' ஒரே ஒரு சொல் மாற்றம், இரண்டு உடம்பும் தெளிவாகப் பிரிந்துவிட்டன. இந்தக் காதலுக்கென்றே செய்து வைத்த மாதிரி ஒரு சொல். நான் அதை எழுதிவிட்டு ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மரியாதை விஷயம்தான் தீரவில்லை. அகதாவுக்கு 45 வயது, முதலாளியம்மா. 'அகதா வந்தாள்' என்றால் வயதுக்குக் குறைவு, 'அகதா வந்தார்' என்றால் பழைய மச்செல்னி வேலை. பெரியம்மாவிடமே கேட்டேன். புதுக் கண்ணாடியை மூக்கில் இறக்கி, நோட்டைக் கைநீளத்துக்குத் தள்ளிப் பிடித்துப் பார்த்தார்.

"அவள்னே போடு. அவர்னா ஆம்பளைன்னு நினைச்சுக்கிட்டுப் போயிடுவாங்க." ஒரு பக்கம் புரட்டினார். "எழுத்தைக் கொஞ்சம் பெருசா எழுது. இன்னொரு கண்ணு அடுத்த மாசம்தான்."

இப்போது 63ஆம் பக்கத்தில் இருக்கிறேன். மூன்று பக்கம் ஒன்றுமில்லாத இடம் நாளைக்கு வருகிறது.